ஹெர்ப்பிஸ் ரத்தப் பரிசோதனை: ரிப்போர்ட் பிடிபடாதவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் 18 வருஷமாக வேலை பார்க்கிறேன். காலையில் ரத்தம் எடுப்பது, மத்தியானம் மெஷின், சாயங்காலம் ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னல். சுகர், தைராய்டு ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் ஜன்னலிலேயே பிரித்துப் பார்த்து, "கூடியிருக்காக்கா?" என்று சத்தமாகவே கேட்பார்கள். ஹெர்ப்பிஸ் ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் கேட்க மாட்டார்கள். படிக்கட்டு வரை போய், அங்கேயே நின்று, கூட்டம் குறைந்த பிறகு திரும்பி வருவார்கள். அப்படித் திரும்பி வந்தவர்கள் கேட்டவைதான் இந்தக் கேள்விகள். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன். அந்தத் தாளில் இருக்கிற எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஹெர்ப்பிஸ்னா அக்கிதானே? எங்க அப்பத்தாவுக்கு வந்துச்சு, வேளார் வீட்டுல போய் எழுதிட்டு வந்தோம்.

பெயரில்தான் குழப்பம். அக்கி என்பது ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர். சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்பில் தூங்கிக் கிடந்து, வயதான காலத்தில் இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாகப் பட்டை கட்டினாற்போல் கிளம்புவது. வேளார் காவி மண்ணைக் குழைத்து அதன் மேல் எழுதும்போது எரிச்சலுக்கு இதமாக இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அக்கிக்கான வைரஸ் மாத்திரையை 3 நாளைக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். எழுதப் போகிறவர்கள் அதே நாளில் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். கண்ணோரத்தில் வந்திருந்தால் முதல் வேலையே டாக்டர்தான்.

இங்கே நாம் பேசப்போவது அதே குடும்பத்தின் வேறு பிள்ளைகளை: ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1, ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 2. ரிப்போர்ட்டில் எச்.எஸ்.வி. 1, எச்.எஸ்.வி. 2 என்று இருக்கும். முதலாவது பெரும்பாலும் உதட்டில் வருவது. காய்ச்சல் விட்டதும் வாயோரம் கொத்தாகக் கொப்புளம் வந்தால் "சூட்டுக் கொப்புளம்" என்போம், "ராத்திரி பூச்சி ஏதோ கடிச்சிருச்சு" என்போம். அதில் பாதிக்கு மேல் இந்த ஆள்தான் என்று நினைக்கிறேன். இரண்டாவது பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது, உடலுறவில் தொற்றுவது. "பெரும்பாலும்" என்பதைக் கவனியுங்கள். ஒன்றாம் வகையும் வாயிலிருந்து கீழே தொற்றும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஒன்றாம் வகை 64 சதவீதம் பேருக்கு இருக்கிறது, சுமார் 380 கோடிப் பேர். இரண்டாம் வகை 15 முதல் 49 வயதுக்காரர்களில் 13 சதவீதம், சுமார் 52 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

ரிப்போர்ட்ல 1.42னு போட்டு, பக்கத்துல பாசிட்டிவ்னு தடிச்ச எழுத்துல இருக்கு. அப்ப எனக்கு இருக்குன்னு முடிவா?

முடிவில்லை. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும்.

எலிசா முறையில் 96 சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். பணியாரக் குழியை நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு குழியும் பயறு அளவு. குழியின் அடியில் வைரஸின் ஒரு சின்னத் துண்டைப் பூசியிருப்பார்கள். உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சில சொட்டு அதில் விடுவோம். அந்த வைரஸுக்கு எதிராக உங்கள் உடம்பு செய்த ஆன்டிபாடி இருந்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கழுவிவிட்டு, ஒட்டியதைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு திரவம், மறுபடி கழுவல், பிறகு நிறம் தரும் திரவம். ஒட்டியிருந்தால் நீலம் பரவும். கடைசியில் அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாக மாறும். எவ்வளவு மஞ்சள் என்பதை மெஷின் ஒளியை வைத்து அளக்கும். "இதற்கு மேல் போனால் பாசிட்டிவ்" என்று கிட் கம்பெனி வைத்த எல்லைக்கோட்டால் அதை வகுத்தால் வருவதுதான் உங்கள் 1.42.

மஞ்சள் நிறத்தின் அளவு அது, அவ்வளவுதான். ஒரு கழுவல் சரியாகப் படாவிட்டால் மஞ்சள் கொஞ்சம் மிஞ்சும். ஒன்றாம் வகைக்கு எதிரான ஆன்டிபாடி, இரண்டாம் வகையின் குழியில் லேசாக ஒட்டினாலும் மஞ்சள் கொஞ்சம் ஏறும். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஜாடை ஒன்று. மஞ்சள் நன்றாக ஏறி 6, 8 என்று வரும்போது இந்தச் சில்லறைப் பிசகுகள் கணக்கில் வராது. 1.42 வரும்போது அவையேதான் முழுக் கணக்காகவும் இருக்கலாம்.

பல கிட்டுகளில் 0.9க்குக் கீழே நெகட்டிவ், 1.1க்கு மேலே பாசிட்டிவ். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டாம் வகைக்கான ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் நீண்ட நாள் நிற்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவாக வந்தும் 3.0க்குக் கீழே இருந்தால் வேறொரு முறையில் உறுதிசெய்யாமல் அர்த்தம் சொல்லக் கூடாது என்கிறது. அங்கே அதிகம் புழங்கும் கிட்டை வைத்து நடந்த ஓர் ஆய்வில், 1.1க்கும் 2.9க்கும் நடுவில் வந்த பாசிட்டிவ்களில் பொய்யானவை ஏராளம் என்று தெரிந்ததுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை. இந்த 3.0 எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. சில லேபில் எலிசா இல்லாமல் க்ளியா என்ற முறை இருக்கும், அதன் அளவுகோலே வேறு. ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் முறையின் பெயரும், எது நெகட்டிவ், எது பாசிட்டிவ் என்ற எல்லையும் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். இல்லாவிட்டால் லேபில் கேளுங்கள், சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

எனக்கு நோய் அறிகுறி எதுவுமே கிடையாது. சும்மா எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்ப்போம்னு எடுத்தேன். அதனால பொய் பாசிட்டிவ் வர வாய்ப்பு கூடுமா?

கூடும். மெஷின் மாறவில்லை, கணக்குதான் மாறுகிறது.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று சிவப்புச் சட்டை போட்ட பையனைத் தொலைத்துவிட்டீர்கள். ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று பார்த்தால் சிவப்புச் சட்டை நூறு தெரியும், நூறும் உங்கள் பையன் இல்லை. அதே பையனை உங்கள் தெருவுக்குள் தேடினால், சிவப்புச் சட்டை தெரிந்ததும் அவன்தான் என்று ஓடலாம்.

எண்ணாகச் சொல்கிறேன், கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். அறிகுறி இல்லாத 1000 பேர், அவர்களில் 60 பேருக்கு இரண்டாம் வகை உண்மையிலேயே இருக்கிறது. 100க்கு 95 சரியாகச் சொல்லும் நல்ல டெஸ்ட் என்றே வைப்போம். இருக்கிற 60இல் 57 பேரைப் பிடிக்கும். இல்லாத 940 பேரில் 47 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு நிற்கும் 104 பேரில் 47 பேருக்கு நோயே இல்லை.

இதனால்தான் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இலும், திரும்பவும் 2023இலும், அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொன்னது. நம் ஊரிலோ ஹெல்த் செக்கப் பேக்கேஜில் ஒரு வரி கூடுதலாக இருந்தால் லாபம் என்று நினைக்கிறோம். புடவைக்கு ஜாக்கெட் பிட் இலவசம் என்கிற மாதிரி. லேபில் சம்பளம் வாங்கிக்கொண்டே சொல்கிறேன்: இந்த வரி உங்களுக்கு லாபமில்லை.

"ஈக்விவோக்கல்"னு வந்துருக்கு. அது என்ன வியாதி?

வியாதி இல்லை. எல்லைக்கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது, இப்படியும் சொல்ல முடியவில்லை, அப்படியும் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். சில லேபில் "பார்டர்லைன்" என்று போடுவார்கள். சமீபத்தில் தொற்று ஏற்பட்டு ஆன்டிபாடி இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். தொற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிற நாளிலிருந்து 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையான தொற்று என்றால் எண் பெரும்பாலும் ஏறியிருக்கும். அதே இடத்தில் நின்றாலோ இறங்கினாலோ டாக்டர் அதை வேறுவிதமாகப் படிப்பார்.

ஐ.ஜி.எம். பாசிட்டிவ்னு இருக்கு. புதுசா வந்த நோய்னு அர்த்தமா? இன்டர்நெட்ல அப்படித்தான் சொல்லுது.

பாடப் புத்தகத்தில் ஐ.ஜி.எம். புதுசு, ஐ.ஜி.ஜி. பழசு என்று எழுதியிருக்கும். ஹெர்ப்பிஸில் அந்தப் பாடம் எடுபடாது. பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் ஐ.ஜி.எம். வரும். ஒன்றா, இரண்டா என்று வகை பிரித்தும் சொல்லாது. ஒன்றுமில்லாதவர்களுக்கும் சில நேரம் பாசிட்டிவ் காட்டும். சி.டி.சி. இதை எடுக்கவே வேண்டாம் என்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் ஐ.ஜி.எம். மட்டும் பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் என்றால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் 12 வாரம் கழித்து வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி. மட்டும் போதும்.

"எச்.எஸ்.வி. 1 + 2 ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்"னு ஒரே வரியில போட்டுருக்காங்க. இதுல எது?

அந்த டெஸ்ட்டுக்கே தெரியாது. இரண்டையும் ஒரே குழியில் கலந்து பார்ப்பது அது. விலை குறைவு என்பதால் நம் பக்கம் நிறைய எழுதப்படுகிறது. பெரியவர்களில் பாதிக்கு மேல் ஒன்றாம் வகை இருப்பதால், இது பாசிட்டிவ் வந்தால் சின்ன வயதில் அப்பத்தாவோ அத்தையோ கொஞ்சும்போது கொடுத்த முத்தத்தின் ரசீதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருந்தால் மட்டும், வகை பிரித்துப் பார்க்கும் டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள். "கிளைக்கோபுரோட்டீன் ஜி அடிப்படையிலான டெஸ்ட்டா?" என்று கேளுங்கள். வைரஸின் தோலில் இரண்டு வகைக்கும் ஜாடை மாறுகிற இடம் அந்தப் புரதம்தான். கேட்டதும் ஜன்னலில் இருப்பவர் முழித்தால் கோபப்படாதீர்கள், உள்ளே போய் கிட் பெட்டியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ரெண்டு தடவை கரு கலைஞ்சிருச்சு. டார்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. அதுல ஹெர்ப்பிஸ் பாசிட்டிவ். இதனாலதான் கலைஞ்சுச்சா?

என் ஜன்னலுக்கு வரும் ஹெர்ப்பிஸ் கேள்விகளில் முக்கால்வாசி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பொண்ணு மாமியாரோடு வந்திருந்தது. ரிப்போர்ட்டை மாமியார்தான் வாங்கினார். நான்கு வரிக்கு நேரே "பாசிட்டிவ்" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "நாலு நோயாத்தா இவளுக்கு?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பொண்ணு மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்து நின்றது.

டார்ச் என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்ப்பிஸ், இன்னும் சில: ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர். பிறக்கும் குழந்தையைத் தாக்கக்கூடிய கிருமிகளின் பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். இரண்டும் பார்ப்பதால் தாளில் எட்டு வரி வரும். அந்தப் பொண்ணின் நான்கு பாசிட்டிவ்களும் ஐ.ஜி.ஜி. அவற்றில் ஒன்று ரூபெல்லா. தடுப்பூசி போட்டவர்களுக்கும், சின்ன வயதில் வந்து போனவர்களுக்கும் ரூபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவாகத்தான் இருக்கும். அது பாதுகாப்பு. நெகட்டிவாக இருந்தால்தான் கர்ப்பத்துக்கு முன்னால் ஊசி போட யோசிக்க வேண்டும். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே தடித்த எழுத்தில் அடிக்கிற தாள் அது. அதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

ஹெர்ப்பிஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்பது எப்போதோ அந்த வைரஸைச் சந்தித்த ஞாபகம். அடுத்தடுத்துக் கரு கலைவதற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேட டார்ச் உதவாது என்று மகப்பேறு மருத்துவ வழிகாட்டிகளும் சொல்கின்றன. தைராய்டு, ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி, கருப்பையின் அமைப்பு, இருவரின் குரோமோசோம் என்று பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. டார்ச்சுக்கான காசையும் அலைச்சலையும் அங்கே செலவழிக்கலாம். புண் எதுவும் இல்லாமல், டார்ச் பாசிட்டிவை மட்டும் வைத்து மாசக்கணக்கில் வைரஸ் மாத்திரை சாப்பிடச் சொன்னால், "எதுக்காக டாக்டர்?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

மாமியாருக்கு இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கவில்லை. "இந்த டெஸ்ட்ட எடுத்தா எனக்கும் பாசிட்டிவ்தான் வரும், உங்களுக்கும் வரும் அத்தை" என்றேன். அவர் முகம் மாறியது. பொண்ணு மஞ்சப்பையை விட்டது.

இப்ப ஏழாம் மாசம். முன்னாடி எப்பவோ ஹெர்ப்பிஸ் வந்துருக்கு. பிள்ளைக்கு ஆபத்தா?

பழைய தொற்று என்றால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. அம்மாவின் ஆன்டிபாடி பிள்ளைக்கும் போய்க் காவல் நிற்கும். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் முதன்முதலாகத் தொற்று வந்தால்தான் ஆபத்து, அப்போது 30 முதல் 50 சதவீதம் வரை. அந்தக் காவல் உருவாக நேரம் இருக்காது.

உங்கள் டாக்டரிடம் பழைய கதையை மறைக்காமல் சொல்லுங்கள். 36ஆம் வாரத்திலிருந்து மாத்திரை தருவது வழக்கம். வலி எடுக்கும்போது கீழே புண்ணோ, புண் வரும் முன் வருகிற சுரீர் எரிச்சலோ இருந்தால் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். இல்லாவிட்டால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை.

பிள்ளை பிறந்த பிறகு ஒன்று: வாயோரம் கொப்புளம் இருக்கிற யாரும் பச்சைப் பிள்ளையை முத்தம் கொஞ்ச விடாதீர்கள். தாய்மாமனாக இருந்தாலும் சரி. பச்சை உடம்புக்கு உதட்டு வைரஸே உயிருக்கு உலை வைத்துவிடும்.

கட்டுன நாள்லருந்து நான் ஒழுங்காத்தான் இருக்கேன். அவருக்கு நெகட்டிவ், எனக்கு 1.8. வீட்டுல பேச்சுவார்த்தையே இல்ல.

முதலில், 1.8 என்பது உறுதிசெய்யப்படாத எண். மேலே 1.42க்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். இதை வைத்துப் பஞ்சாயத்து கூட்டுவது, சாட்சி வருவதற்கு முன்னால் தீர்ப்பு எழுதுவது.

இரண்டாவது, உண்மையான பாசிட்டிவ் என்றே வைத்துக்கொண்டாலும், ஐ.ஜி.ஜி. எப்போது வந்தது என்று சொல்லாது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது, உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் சொல்லாது. போன மாசமாகவும் இருக்கலாம், 20 வருஷத்துக்கு முன்னாலாகவும் இருக்கலாம். ஒருவருக்கு இருந்து, பல வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் மற்றவருக்குத் தொற்றாமல் இருப்பது சாதாரணம். அவருடைய நெகட்டிவும் முழு உத்தரவாதம் இல்லை. முக்கியமாக ஒன்றாம் வகைக்கான டெஸ்ட், இருக்கிறவர்களில் 10க்கு 3 பேரைத் தவறவிடுவது ஆய்வில் தெரிந்த விஷயம்.

இருவரும் சேர்ந்து ஒரே டாக்டரைப் பாருங்கள். தனித்தனியாகப் போய்த் தனித்தனியாகக் கேட்டு வந்து வீட்டில் ஒப்பிடுவதுதான் சண்டையை வளர்க்கிறது. எத்தனையோ ஜோடிகளை அப்படிப் பார்த்துவிட்டேன்.

ஒரு லேப்ல பாசிட்டிவ், இன்னொரு லேப்ல நெகட்டிவ். எவன் திருடன்?

ரெண்டு பேரும் இல்லை. இரண்டு கிட்டும் வேறு, எல்லைக்கோடும் வேறு. எண் எல்லைக்கு ஒட்டி இருக்கும்போது இது நடக்கும். மூன்றாவது லேப், நான்காவது லேப் என்று ஓடி, பெரும்பான்மை ஓட்டில் முடிவெடுக்காதீர்கள். உறுதிசெய்வதற்கு உலகம் நம்புவது வெஸ்டர்ன் பிளாட் என்ற முறை, அதற்குப் பெயர்போனது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகம். மேலூரிலிருந்து சியாட்டிலுக்கு ரத்தம் அனுப்புவது நடக்கிற காரியமில்லை. நமக்கு நடைமுறையில் இருப்பது மூன்று: வகை பிரிக்கும் வேறு கம்பெனி முறையில் ஒரு தடவை, 12 வாரம் கடந்த பிறகு மறுபடி ஒரு தடவை, எப்போதாவது புண் வந்தால் அந்தப் புண்ணிலிருந்தே வைரஸைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட்.

புண் வந்துச்சு, டாக்டர் பார்த்துட்டு ஹெர்ப்பிஸ் மாதிரி இருக்குன்னாரு. ரத்தத்துல நெகட்டிவ். அப்ப இல்லைதானே?

எத்தனை நாளில் ரத்தம் கொடுத்தீர்கள்? புண் வந்த வாரத்திலேயே என்றால் அந்த நெகட்டிவுக்கு மதிப்பே இல்லை. ஆன்டிபாடி உருவாகச் சில வாரம் வேண்டும், சிலருக்கு 12 வாரம் வரை ஆகும்.

புண் இருக்கும்போது ரத்தத்தைத் தேடிப் போகாதீர்கள். கொப்புளம் புதிதாக, ஈரமாக இருக்கும்போது பஞ்சுக் குச்சியால் அடியைத் தேய்த்து எடுத்து பி.சி.ஆர். பார்ப்பதுதான் நேர்வழி. வைரஸையே பிடிக்கும், எந்த வகை என்றும் சொல்லும். முதல் இரண்டு நாளில் போவது நல்லது. பக்கு கட்டிய பிறகு எடுத்தால் வைரஸ் இருந்தும் அகப்படாமல் போகலாம். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் மருந்துக்கடை ஆயின்மென்ட் தடவிவிட்டு, ஆறினதும் டெஸ்ட்டுக்கு வருகிறவர்கள்தான் அதிகம். அந்த ஒரு வாரத்தில்தான் பதில் இருந்தது.

கூடவே ஒன்று: அந்த இடத்தில் வருகிற புண்ணெல்லாம் ஹெர்ப்பிஸ் இல்லை. சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்துப் பார்த்துவிடுவது அவசியம். சிபிலிஸ் ஊசியில் முழுசாகக் குணமாகும்.

வெறும் வயித்துல வரணுமா? மாத்திரை எதுவும் நிறுத்தணுமா?

சாப்பிட்டுவிட்டே வரலாம். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் ரத்தம் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது ரிசல்ட்டைப் புரட்டும். அதை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நாங்களும் பல நேரம் கேட்க மறந்துவிடுகிறோம்.

மருந்து சாப்பிட்டா அடுத்த ரிப்போர்ட் நெகட்டிவ் ஆயிருமா?

ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் இரண்டும் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும், நரம்பில் தூங்குவதை அழிக்காது. புண் சீக்கிரம் ஆறும், அடிக்கடி வருவது குறையும். இரண்டாம் வகை உள்ளவர் வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் தினமும் சாப்பிட்டபோது துணைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2004இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. ஐ.ஜி.ஜி. மட்டும் அப்படியே நிற்கும். "நெகட்டிவ் ஆக்கித் தருகிறோம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் தங்கள் வாடகையைத்தான் கட்டிக்கொள்கிறார்கள்.

ஆவணியில கல்யாணம். பொண்ணு வீட்டுல சொல்லணுமா?

உறுதியாகாத 1.5ஐ வைத்துக்கொண்டு மண்டபத்தை ரத்து செய்யாதீர்கள், அறிவிக்கவும் வேண்டாம். முதலில் உறுதிசெய்யுங்கள், ஆவணிக்கு நாள் இருக்கிறது. இரண்டாம் வகை என்று உறுதியானால், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அவரிடம் மட்டும். இரண்டு பக்கத்து மாமன்மாரும் உட்கார்ந்து பேசுகிற விஷயமில்லை இது. டாக்டர் முன்னால் வைத்துச் சொன்னால் பாதிப் பாரம் குறையும். புண் இருக்கும் நாட்களில் விலகியிருப்பது, மற்ற நாட்களில் ஆணுறை, தேவைப்பட்டால் தினசரி மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. இதனால் குழந்தை பிறக்காமல் போவதில்லை.

மதுரையில யாரும் பார்க்காம எங்க போய்க் கேக்குறது?

பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது கோரிப்பாளையத்துப் பக்கம் இருக்கிற அரசு இராசாசி மருத்துவமனையில், தோல் நோய்ப் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் உண்டு. பார்ப்பதற்குக் காசில்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, கேட்பது வெளியே போகாது. அரசுத் திட்டத்தில் ஒவ்வொரு பால்வினைத் தொந்தரவுக்கும் ஒரு நிறப் பெட்டி மருந்து உண்டு. ஹெர்ப்பிஸ் புண்ணுக்கு சிவப்புப் பெட்டி, உள்ளே அசைக்ளோவிர். புண்ணைப் பார்த்தே கொடுத்துவிடுவார்கள், ரத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. போகவே தயக்கமாக இருந்தால் 1097க்கு போன் போடுங்கள். எச்.ஐ.வி., பால்வினை நோய்க்கான தேசிய இலவச உதவி எண் அது, தமிழில் பேசலாம்.

தனியாரில் என்றால் தோல் டாக்டர். அவர் போர்டில் "தோல், முடி, அழகு" என்று இருந்தாலும் படித்தது தோல், பால்வினை நோய் இரண்டும்தான். முகப்பரு காட்ட வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கலாம்.

இந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுறவா?

கிழிக்காதீர்கள். தடித்த எழுத்தில் இருக்கிற வார்த்தைக்காக இல்லை, பக்கத்தில் இருக்கிற எண்ணுக்காக. 12 வாரம் கழித்து இன்னொரு எண் வரும்போது, இது இல்லாவிட்டால் அதை எதோடு ஒப்பிடுவது? தேதி, எண், முறையின் பெயர் மூன்றும் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தவறிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போன வருஷம் ஒரு தம்பிக்கு அது நடந்தது. அடுத்த தடவையும் அதே லேபில், அதே முறையில் பார்த்தால் ஒப்பிடச் சுலபம். வரும்போது பழைய தாளையும் எடுத்து வாருங்கள். சாயங்காலம் 7 மணிக்கு மேல் ஜன்னலில் கூட்டம் இருக்காது.